பொறுக்கும் பலகை

தொடக்கநிலையினருக்கு அகன்ற பனிச்சறுக்குப் பலகையைப் பரிந்துரைப்பது அவர்களைக் கெடுப்பதாகும் என்றொரு கருத்து, இத்துறையில் ஊறியவர்களிடையே நெடுநாளாக வழங்கி வருகிறது. செப்பனிட்ட தடத்தில் ஓரளவு தேர்ந்தபின், தடத்தின் எல்லைக் கொடிகளைக் கடந்து, எவரும் மிதிக்காத பனியில் இறங்க விரும்பும் ஒருவர் எந்தப் பலகையைத் தேர்வது என்று கேட்டால், ‘முதலில் குறுகிய பலகையில் அடிபட்டுத் தேறுங்கள், அகன்றது சோம்பேறிகளுக்கானது’ என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. இவ்விடை தவறானது என்பது என் துணிபு. தமிழ் கற்பிப்பவனுக்குப் பனியோடு என்ன வழக்கு என்று நண்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். நாற்பது வயதிற்குப் பின் குல்மர்க்கில் சறுக்கக் கற்றவன் நான்; வல்லுநன் அல்லன். ஆயினும் கற்றலும் கற்பித்தலும் என் தொழில். இந்த விவாதமும் அடிப்படையில் கற்பித்தலைப் பற்றியதே.

முதலில் ஒரு சொற்சிக்கலைத் தீர்த்துக்கொள்வோம். புல்நுனியில் நிற்பதும் பனி, மார்கழி விடியலில் கண்ணை மறைப்பதும் பனி, இமயத்தில் ஆளுயரத்திற்குக் குவிந்து கிடப்பதும் பனி. ஒரே சொல்லால் அனைத்தையும் சமாளிக்கும் மொழி நம்முடையது. நமக்கு வேண்டியதும் அவ்வளவுதான். சறுக்குவோருக்கோ அது போதாது. குளிரில் புதிதாக விழுந்து, கையில் அள்ளினால் விரலிடுக்கில் உதிர்வதை மாவுப்பனி என்போம். வெயிலில் இளகி இரவில் இறுகி, மேலே ஓடு பாய்ந்திருப்பது ஓட்டுப்பனி. பிற்பகல் வெயிலில் குழைந்து காலைப் பிடித்து இழுப்பது கூழ்ப்பனி. செப்பனிடும் இயந்திரம் அழுத்திச் சீவிய தடத்தில் உள்ளது கெட்டிப்பனி. தடத்தில் மட்டும் சறுக்குபவர் பெரும்பாலும் கடைசி வகையோடு நின்றுவிடுகிறார். தடத்தை விட்டு இறங்கியவருக்கு அரைமணி நேரத்திற்குள் நான்கும் எதிர்ப்படும். பலகையைத் தேர்வதில் உள்ள சிக்கல் அனைத்தும் இதிலிருந்தே பிறக்கிறது.

பலகையின் நடுப்பகுதியை, பாதம் நிற்கும் இடத்தை, இடை என்கிறார்கள். ஆங்கிலத்திலும் அதே சொல்தான். நம் புலவர்கள் இடையின் நுண்மையைப் பாடிப் பாடி, இறுதியில் அது உண்டோ இல்லையோ என்று ஐயுறும் எல்லைக்கே கொண்டு சென்றார்கள். பலகை செய்வோரும் நெடுங்காலம் அந்த மரபைச் சேர்ந்தவர்களாகவே இருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நார்வேயின் தெலெமார்க் பகுதியைச் சேர்ந்த சோந்த்ரே நோர்ஹைம், நடுவில் சிறுத்து இரு முனைகளிலும் விரிந்த பலகையைக் கொண்டு எளிதாகத் திரும்பிக் காட்டினார். அந்த வடிவமே பின்னர் எங்கும் பரவியது. 1980களில் வழக்கிலிருந்த பலகைகள் ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளமும், 65 மில்லிமீட்டர் அளவிலான இடையும் கொண்டவை. கெட்டிப்பனியில் அவை கத்திபோல் வெட்டின. மாவுப்பனியில் கத்திபோலவே உள்ளே இறங்கின.

அப்படி இறங்கும்போது நிகழ்வதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். குறுகிய பலகையின் மூக்கு பனிக்குள் புதைகிறது. அது புதையுமோ என்ற அச்சத்தில் கற்பவர் உடலைப் பின்னால் சாய்க்கிறார். எடை முழுதும் பலகையின் வாலுக்குப் போகிறது. மூக்கு மேலே எழுகிறது. ஆனால் திருப்புவதற்குரிய பிடி போய்விடுகிறது. தொடைத் தசைகள் உடலைத் தாங்கித் தாங்கி, பத்துத் திருப்பங்களுக்குள் எரியத் தொடங்குகின்றன. அடுத்த திருப்பத்தில் விழுகிறார். இடுப்பளவுப் பனியில் விழுந்தவர் எழுவது எளிதன்று. ஊன்றும் கை தோள்வரை உள்ளே போகும். ஐந்து முறை இப்படி விழுந்து எழுந்தவர் அன்றைக்கு வேறொன்றும் கற்பதில்லை. அவர் உடல் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: பின்னால் சாய்வது. பிழையான அந்த நிலையை அவருக்குக் கற்பித்தது அந்தக் குறுகிய பலகைதான். கடுமை ஒழுங்கைக் கற்பிக்கும் என்று சொல்வோர் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை.

அகன்ற பலகையில் நடப்பது வேறு. இடை 65 மில்லிமீட்டருக்குப் பதில் 98 என்றால், பாதத்தின் கீழுள்ள பரப்பு ஒன்றரை மடங்காகிறது. பனி அதைத் தாங்குகிறது. அதோடு மூக்குப் பகுதி சற்று முன்னதாகவே மேல்நோக்கி வளையத் தொடங்கினால் (இதை ராக்கர் என்கிறார்கள்) அது புதைவதற்குப் பதில் பனியின்மீது ஏறிக்கொள்கிறது. அச்சம் நீங்கியவர் நிமிர்ந்து, பலகையின் நடுவில் நிற்கிறார். நிற்கவேண்டிய முறையும் அதுவே. ஆங்கிலத்தில் இத்தகைய பலகையை ‘மன்னிக்கும்’ பலகை என்பார்கள். மன்னிப்பு என்றால் குற்றம் ஒன்று முன்னே நிற்கவேண்டும். பொறுத்தல் என்ற நம் சொல்லே இங்குப் பொருந்துவது. பாரத்தைத் தாங்குவதையும் பிழையைத் தாங்குவதையும் அது ஒருசேரக் குறிக்கிறது.

இந்த அகலம் எங்கிருந்து வந்தது என்பதும் அறியத்தக்கது. 1980களின் இறுதியில் ஆஸ்திரியாவின் அட்டாமிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரூபர்ட் ஹூபர், ஸ்னோபோர்டு எனப்படும் ஒற்றைப் பலகை மாவுப்பனியில் மிதப்பதைக் கண்டு, அதை நெடுக்காக இரண்டாகப் பிளந்தாற்போன்ற பருத்த சறுக்குப் பலகையை உருவாக்கினார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். கனடாவில் ஹெலிகாப்டரில் ஏறிச் சென்று சறுக்கும் விடுதிகளில்தான் அது முதலில் நிலைபெற்றது. அங்கு வந்த விருந்தினர்களில் பலர் வயதானவர்கள், பொருள் உள்ளவர்கள், தொடை வலு குறைந்தவர்கள். நண்பகலிலேயே களைத்துப்போனவர்கள் இப்போது மாலைவரை சறுக்கினார்கள். ‘கிழவர்களின் பலகை’ என்ற ஏளனம் அதற்கு ஒட்டிக்கொண்டது.

அந்த ஏளனத்தை உடைத்தவர் ஷேன் மெக்கான்கி. அவர் கிழவரும் அல்லர், கற்பவரும் அல்லர். தம் காலத்தின் மிகத் துணிந்த சறுக்கர்களில் ஒருவர். மாவுப்பனி திடப்பொருளைப் போலன்றி நீரைப்போல் நடந்துகொள்கிறது. அவ்வாறாயின் நீர்ச்சறுக்குப் பலகையை ஏன் பின்பற்றக் கூடாது என்பது அவர் எழுப்பிய கேள்வி. நீர்ச்சறுக்குப் பலகைகளிலேயே பிணைப்புகளைப் பொருத்தி அலாஸ்காவின் சரிவுகளில் இறங்கியும் காட்டினார். 2002இல் வோலன்ட் நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்பேச்சுலா’ அவர் சிந்தனையின் விளைவு: நடுவில் அகன்று, முனைகளில் குறுகி, இரு முனைகளும் மேல்நோக்கி வளைந்த பலகை. நோர்ஹைமின் வடிவத்தை அப்படியே தலைகீழாக்கியது அது. இன்று கடைகளில் கிடைக்கும் பொதுப்பயன் பலகைகளின் மேல்வளைந்த மூக்கில் அந்தத் துணிச்சலின் சாயல் இருக்கிறது. மெக்கான்கி 2009இல் இத்தாலியின் டோலமைட் மலைகளில், சறுக்கியபடியே பாறை விளிம்பிலிருந்து பாரசூட்டுடன் குதித்தபோது இறந்தார்.

ஆக, அகலமும் மேல்வளைவும் திறமையற்றவர்களுக்காக இறக்கி வைக்கப்பட்ட படிகள் அல்ல. மாவுப்பனியின் இயல்பை உணர்ந்ததால் வந்தவை. ஆயினும் ‘சோம்பேறிப் பலகை’ என்ற பேச்சு ஓயவில்லை. நான் அறிந்த பழைய பள்ளி ஆசிரியர்களுள் சிலர், உரையைத் தொடாமல் மூலத்தை மட்டும் படித்துத் தேறவேண்டும் என்பார்கள். அவர்களிடம் தேறியவர்களைக் காட்டிலும் தமிழை விட்டு ஓடியவர்கள் மிகுதி. இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் இல்லாமல் தொல்காப்பியத்தை இன்று எத்தனை பேர் நெருங்கியிருக்க முடியும்? உரையைப் பிடித்துக்கொண்டு நுழைந்தவன் பின்னர் உரையாசிரியரோடு மாறுபடவும் கற்கிறான்.

எதிர்த்தரப்பில் உண்மை அறவே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. அகலம் மிகுந்தால், கெட்டிப்பனியில் பலகையை ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பிற்குச் சாய்க்க நேரமும் வலுவும் கூடுதலாக வேண்டும். அந்தச் சுமை முழங்காலுக்குப் போகும். 115 மில்லிமீட்டர் இடை கொண்ட பலகையில் காலைநேரத்துக் கெட்டிப்பனியில் இறங்குவது, கட்டைவண்டியைச் சந்துக்குள் திருப்புவது போன்றது. தடம் நீங்கிச் சறுக்கப் புறப்பட்டவரும் நாளின் பாதியைத் தடத்தில்தான் கழிக்கிறார். புதுப்பனி நாள்தோறும் விழுவதில்லை. மாலையில் விடுதிக்குத் திரும்பும் வழியும் பெரும்பாலும் தடம்தான். அதனால்தான் மாவுப்பனிக்கென்றே செய்த பெரும்பலகையை நான் பரிந்துரைப்பதில்லை. என் கணக்கில், சராசரி உடலுடைய ஒருவருக்கு 90 முதல் 100 மில்லிமீட்டர் வரையிலான இடை போதும். மெலிந்தவர் கீழ் எல்லையையும் பருத்தவர் மேல் எல்லையையும் ஒட்டி நிற்கலாம். மூக்கில் ராக்கர் தெளிவாக இருக்கட்டும். பாதத்தின் கீழ் பழைய மேல்வில் வளைவு, அதாவது கேம்பர், இருக்கட்டும். கெட்டிப்பனியில் விளிம்பு பிடிப்பது அதனால்தான். வால் முழுதும் வளைந்தது வேண்டா. மரக்கரு உள்ளதாகவும், உலோகத் தகடு இல்லாததாகவோ குறைவாகவோ உள்ளதாகவும் பார்த்துக்கொள்ள வேண்டும். உலோகம் வேகத்தில் நிலைத்தன்மை தரும், மெதுவாகச் செல்பவரிடம் முரண்டு பிடிக்கும். நீளம் மூக்கிற்கும் நெற்றிக்கும் இடையில்.

கடைக்காரர்கள் இவ்வளவோடு நிறுத்திவிடுவார்கள். நான் நிறுத்த இயலாது. ஏனெனில் பொறுக்கும் பலகைக்கு ஒரு தீங்கும் உண்டு. சோம்பேறித்தனத்தைப் பழிப்பவர்கள் அதைப் பேசுவதில்லை. முன்பு மூன்று ஆண்டுகள் உழைத்த பின்னரே ஒருவரால் செல்ல முடிந்த சரிவிற்கு, இந்தப் பலகை மூன்றாம் நாளே அவரைக் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. அந்த மூன்று ஆண்டுகளில் அவர் கால் மட்டும் பழகியிருக்காது. காற்று எந்தப் பக்கத்தில் பனியைக் குவிக்கிறது, நேற்றைய வெயில் இன்று என்ன செய்யும் என்பதையெல்லாம் கண்ணும் பழகியிருக்கும். கால் முந்திக்கொள்ள, கண் பின்தங்குகிறது.

குல்மர்க்கில் இது கண்கூடு. 2005இல் கோண்டோலாவின் இரண்டாம் கட்டம் திறக்கப்பட்டது முதல், கடல்மட்டத்திற்கு மேல் 3,900 மீட்டருக்கும் உயர்ந்த அபர்வாத் மலைத்தோளுக்கு எவரும் சில நிமிடங்களில் ஏறிவிடலாம். இறங்கியதும் கண்முன் விரிவது செப்பனிடாத மலை. ரோந்துக் குழுவினர் கோண்டோலாவை ஒட்டிய பகுதியைக் கண்காணிக்கிறார்கள். அதைத் தாண்டிப் போனால் மலையும் நாமும்தான். 2023 பிப்ரவரியில் அபர்வாத் சரிவில் பனிச்சரிவில் சிக்கிப் போலந்து நாட்டினர் இருவர் இறந்தார்கள். 2024 பிப்ரவரியில் கிலன்மர்க் பகுதியில் ரஷ்யர் ஒருவர் இறந்தார். ஐரோப்பாவிலும் இதே நிலைதான்: ஆல்ப்ஸில் கொடிக்கு வெளியே உள்ளதை எவரும் பாதுகாத்துத் தருவதில்லை. வட அமெரிக்காவில் எல்லைக்குட்பட்ட செப்பனிடாத சரிவுகளை வெடிவைத்துச் சோதித்துவிட்டே திறக்கிறார்கள். அங்கே பழகியவர் இங்கே அதே நம்பிக்கையோடு கொடியைத் தாண்டக் கூடாது.

ஆகவே தொடக்கநிலையினர் விலையுயர்ந்த பலகையில் பணத்தைக் கொட்டுவதை நான் எதிர்க்கிறேன். சென்ற ஆண்டின் மாடலோ, நல்ல நிலையில் உள்ள பழைய பலகையோ போதும். மிஞ்சும் பணத்தில் பனிச்சரிவில் புதைந்தவரைக் கண்டறியும் டிரான்ஸீவர் கருவி, மண்வாரி, துழாவுகோல் மூன்றையும் வாங்கவேண்டும். அவற்றைக் கையாளும் இரண்டு நாள் பயிற்சியையும் பெறவேண்டும். சுவிட்சர்லாந்தின் நாற்பதாண்டுத் தரவுகளை ஆராய்ந்து 2024இல் வெளியான ஆய்வு, முழுவதும் புதைந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கக்கூடிய காலம் முதல் 10 நிமிடங்களே என்கிறது. மீட்புக்குழு அதற்குள் வருவது அரிது. உடன் வந்தவர் தோண்டவேண்டும். கருவியை வாங்கிப் பைக்குள் வைத்து, ஒருமுறையும் தேடிப் பழகாதவரோடு இறங்குவதும் தனியே இறங்குவதும் ஏறத்தாழ ஒன்றே. மேலும் 30 பாகைக்கு மேற்பட்ட சாய்வில்தான் பனிச்சரிவுகள் பெரும்பாலும் பிறக்கின்றன. முதல் பருவம் முழுவதும் அதற்குக் குறைந்த சாய்விலேயே, மேலே செங்குத்தான சரிவு தொங்காத இடங்களிலேயே சறுக்கினால், இன்பத்தில் குறை எதுவும் வராது. சாய்வு குறைந்த மாவுப்பனியில் குறுகிய பலகை நின்றுவிடும்; அகன்றது வழுக்கிக்கொண்டு போகும். இதுவும் அகலத்தின் பக்கம் நான் நிற்பதற்கு ஒரு காரணம்.

பிணைப்புகளைப் பற்றி இரண்டொரு சொல். அவற்றின் தடைக்கம்பி பலகையின் இடையைவிடச் சற்று அகலமாக இருக்கவேண்டும். பழைய பிணைப்பைக் கழற்றிப் புதிய பலகையில் பொருத்துவோர் மறப்பது இதைத்தான். காலை விடுவிக்கும் இறுக்கத்தை எடை, உயரம், வயது, திறன், காலணி அடியின் நீளம் ஆகியவற்றை வைத்துக் கடையிலேயே கணித்துத் திருகச் சொல்லவேண்டும். ஆழ்ந்த பனியில் கழன்ற பலகை அடியில் மறைந்துவிடும். தேடி ஒரு மணி நேரம் போகும். ஆகவே இரண்டு மீட்டர் நீளத்தில் பளிச்சென்ற நாடா ஒன்றைப் பலகையில் கட்டி, மறுமுனையைக் காற்சட்டைக்குள் மடித்து வைப்பது வழக்கம். என்னுடையது மல்லிகை கட்டும் கடையில் வாங்கிய ரோஜா நிற ரிப்பன். காஷ்மீரத்து வழிகாட்டிகளுக்கு அதைக் கண்டு ஓயாத சிரிப்பு.

வாங்குமுன் இரண்டு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு நாள் புதுப்பனியில், மற்றொரு நாள் பனி விழுந்து ஒரு வாரம் கழிந்த கெட்டித் தடத்தில். முதல் நாளில் எல்லா அகன்ற பலகைகளும் நல்லவையாகவே தோன்றும். இரண்டாம் நாளின் தீர்ப்பைக் கேட்டு வாங்குங்கள்.