இரண்டாவது கம்பி எங்கே போகிறது?

மாணவர்களே, உங்கள் பள்ளிக் கணினி அறையில் செர்வர் இருந்தால், ஆசிரியரிடம் கேட்டு அதன் பின்புறத்தைப் பாருங்கள். லேன் கம்பி செருகும் போர்ட் பெரும்பாலும் இரண்டோ நான்கோ இருக்கும். ஒன்றில் மட்டும் கம்பி இருந்தால், மற்றவை எதற்கு?

ஈப்போவிலிருந்து கோலகங்சாருக்குப் போகிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மெனோரா சுரங்கப்பாதை வழியாக நெடுஞ்சாலை உண்டு. செம்மோர், சுங்கை சிப்புட் வழியாகப் பழைய சாலையும் உண்டு. ஒன்று அடைபட்டால் மற்றதில் போய்ச் சேரலாம். செர்வரிலும் இரண்டு போர்ட்களை ஒரே இணைப்பாகச் சேர்த்து வைக்கலாம். இதற்கு 'பாண்டிங்' என்று பெயர். முதல் கம்பி அறுந்தால், காத்திருக்கும் இரண்டாவது கம்பி உடனே வேலையை ஏற்றுக்கொள்ளும்.

இரண்டையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறையும் உண்டு. ஆனால், விநாடிக்கு 1 கிகாபிட் செல்லும் இரண்டு போர்ட்களைச் சேர்த்தால் ஒரு கோப்பு இருமடங்கு வேகத்தில் வந்துவிடும் என்று எண்ணாதீர்கள். பொதுவாக ஒரு தொடர்பின் தரவு ஒரே கம்பியில்தான் செல்லும். சாலை இரண்டானால் ஒரு லாரியின் வேகம் கூடாது. ஒரே நேரத்தில் ஓடும் லாரிகளின் எண்ணிக்கைதான் கூடும்.

ஆகவே, இரண்டாவது போர்ட்டின் பெரிய பயன் வேகம் அல்ல, பாதுகாப்பு என்பதே என் கருத்து. அந்தப் பாதுகாப்பையும் நாமே கெடுத்துக்கொள்கிறோம். இரண்டு கம்பிகளையும் ஒரே சுவிட்சில் செருகினால், அந்தச் சுவிட்ச் பழுதாகும்போது இரண்டும் சேர்ந்தே படுத்துவிடும்.

உலக அளவிலும் இது நடந்திருக்கிறது. 2006 டிசம்பர் 26 அன்று தைவானின் தெற்கே நிலநடுக்கம் ஏற்பட்டது. பல கடலடிக் கம்பிவடங்கள் ஒருசேர அறுந்தன. மலேசியா உட்பட ஆசிய நாடுகள் பலவற்றில் இணையம் தடுமாறியது. பழுதுபார்க்க வாரக்கணக்கில் ஆனது. கம்பிவடங்கள் பல இருந்தன. ஆனால் அவை ஒரே கடற்பகுதி வழியாகச் சென்றன.

"பள்ளிக்கு இதெல்லாம் அதிகச் செலவு" என்று சிலர் சொல்லலாம். இன்னொரு சிறிய சுவிட்ச், புதிய செர்வரைவிட மிகவும் மலிவு. அதற்கு மின்சாரத்தையும் வேறு இடத்திலிருந்து எடுங்கள். பழைய ரப்பர் தோட்டப் பகுதியில், ஒரே சாலையோரமாக ஒரே இணையக் கம்பி வரும் ஊர்களில், கைப்பேசிக் கோபுரம் வழி வரும் இணையம் இரண்டாவது பாதையாகலாம். ஆனால் அந்தக் கோபுரமும் அதே கம்பியைத்தான் நம்பியிருக்கிறதா என்று விசாரியுங்கள்.

பாடமும் இடுபணியும் இணையத்தில் வரும் காலம் இது. இணைப்பு அறுந்தால் நகரத்து மாணவர் வேறிடம் தேடிக்கொள்வார். தோட்டத்து மாணவருக்கு அது எளிதல்ல. எனவே, எத்தனை கம்பி என்று எண்ணுவதோடு நிற்காதீர்கள். ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று கடைசிவரை தொடர்ந்து பாருங்கள்.