முக்கால் கிலோ

பவன் செராவத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தமிழ் தலைவாஸ் கபடி அணியின் கேப்டனாக இருந்தவர். 2025 சீசன் தொடங்கிய சூடு ஆறுவதற்குள், ஒழுங்கு நடவடிக்கையாக அணியிலிருந்து நீக்கப்பட்டார் என்று சின்னதாக ஓர் அறிக்கை. என்ன செய்தார், எந்த விதியை மீறினார் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. அவரோ, தன்மேல் சொல்லும் குற்றத்தில் ஒரு சதவீதம் உண்மை என்று காட்டினாலும் கபடியையே விட்டுவிடுகிறேன் என்று வீடியோ போட்டுவிட்டார். அந்த வாரம் முழுக்க விருத்தாசலத்தில் பாலக்கரை டீக்கடையிலிருந்து ஜங்ஷன் நடைமேடை வரைக்கும் இதே பேச்சு. கேட்கக் கேட்க எனக்கு எரிச்சல்தான் வந்தது.

நம் ஊர்க்காரர்களுக்கு இது ஏன் இவ்வளவு வலிக்கிறது என்பது புரிகிறது. 2017-இல் தொடங்கிய அணி, முதல் மூன்று சீசனும் அடி மட்டத்தில் கிடந்தது. 2022-இல் பவனை 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்தார்கள். முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய் சீசன் முழுக்க உட்கார்ந்துவிட்டார். ஆனால் அதே சீசனில்தான், ஆசான் குமார் பயிற்சியாளராக வந்த பிறகு, நரேந்தர் என்ற இளைஞனை முன்னால் விட்டு அணி முதல்முறையாக அரையிறுதிக்குப் போனது. 2025 ஏலத்தில் அர்ஜுன் தேஷ்வாலை 1.405 கோடிக்கும், பவனை 59.5 லட்சத்துக்கும் எடுத்தபோது, இரண்டு பேரும் ஒரே பக்கம் ரெய்டு பாடப்போகிறார்கள் என்று ஊரே குதித்தது. பயிற்சியாளராக சஞ்சீவ் பலியான். 2022-இல் இதே அர்ஜுனை வைத்துக்கொண்டு ஜெய்ப்பூருக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். இனி என்ன குறை என்றிருந்த நேரத்தில் இப்படி ஆகிவிட்டது.

டீக்கடையில் இரண்டு கட்சி. “ஒழுக்கம் இல்லாதவன் எவ்ளோ பெரிய ரெய்டரா இருந்தா என்ன, தூக்கிப் போடு” என்பது ஒன்று. “ப்ளான் போடத் தெரியாத கோச்சை விட்டுட்டு ஆடுறவனைத் தூக்குறாங்க” என்பது இன்னொன்று. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது, அதாவது புகார்ச் சீட்டு, எழுதிக் கட்டப்போவதாகவே ஒருவர் சொன்னார். யார் மேல் பிராது என்பதில்தான் அங்கேயே சண்டை.

என் எரிச்சல் இரண்டு கட்சியின் மேலும்தான். ஒழுக்கம் வேறு, உத்தி வேறு என்று பிரித்து வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். களத்தில் அப்படி எதுவும் பிரிந்து கிடக்கவில்லை.

ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருக்கிறது என்று வையுங்கள். நம் அணி இரண்டு பாயிண்ட் முன்னால். கோச் வெளியிலிருந்து உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டுகிறார்: கோட்டை மிதித்துவிட்டு வந்துவிடு, முப்பது நொடி போகட்டும். எதிரே நிற்பது மூன்றே பேர். பாடிப் போனவருக்கு ஒருவரைத் தொட்டுவிட்டால் மைதானமே எழுந்து நிற்கும் என்று தெரியும். மாட்டிக்கொண்டால் அது சூப்பர் டேக்கிள், அவர்களுக்கு இரண்டு பாயிண்ட், முன்னிலை போச்சு. அப்படி மாட்டிக்கொண்டால் அதை ஒழுக்கக் கேடு என்பதா, தப்பான உத்தி என்பதா? டூ ஆர் டை ரெய்டிலும் இதே கதைதான். அடுத்தடுத்து இரண்டு ரெய்டு பாயிண்ட் இல்லாமல் போனால், மூன்றாவதில் பாயிண்ட் எடுத்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் பாடினவர் அவுட். அந்த மூன்றாவது ரெய்டுக்கு எதிரணியைத் தள்ளுவதற்காக, நம் கார்னரில் நிற்பவர் முந்தைய இரண்டு ரெய்டிலும் கை துறுதுறுத்தாலும் முன்னால் பாயாமல் நிற்கவேண்டும். அந்தப் பொறுமை ஒழுக்கத்தில் சேர்த்தியா, திட்டத்தில் சேர்த்தியா என்று யாரும் பிரித்துக் காட்ட முடியாது. பயிற்சியில் ‘ஏன்’ என்று சொல்லிக்கொடுத்திருந்தால் ஆட்டக்காரன் நிற்பான். ‘நான் சொல்றேன், கேளு’ என்று மட்டும் சொல்லியிருந்தால் கூட்டம் கத்தும்போது மறந்துவிடுவான்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் பெயர் ஷைலஜா ஜெயின். நாசிக்கைச் சேர்ந்தவர். இந்திய மகளிர் அணிக்குப் பயிற்சியாளராக வாய்ப்பு வரவில்லை. 2017-இல் ஈரான் கூப்பிட்டது, போனார். மொழி தெரியாது, பாரசீகம் கற்றுக்கொண்டார். சைவச் சாப்பாட்டுக்காரர், அதையும் சமாளித்தார். பயிற்சியில் யோகாவும் மூச்சுப் பயிற்சியும் சேர்த்தார். மூச்சு இல்லாமல் கபடி ஏது? 2018 ஆகஸ்டில் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதியில் ஈரான் பெண்கள் 27-24 என்று இந்தியாவை வென்றார்கள். மகளிர் கபடி சேர்க்கப்பட்ட 2010-இலும் அடுத்து 2014-இலும் தங்கம் வாங்கியிருந்த இந்தியா அது. முந்தின நாள்தான் நம் ஆண்கள் அரையிறுதியில் அதே ஈரானிடம் 27-18 என்று விழுந்திருந்தார்கள். 1990 முதல் தொடர்ந்து ஏழு தங்கம் வாங்கிய அணி. நம்மிடம் தெறிக்க ஓடும் ரெய்டர்கள் இருந்தார்கள், அவர்களிடம் நிற்கவேண்டிய இடத்தில் நின்ற ஏழு பேர் இருந்தார்கள். அந்தப் பெண்கள் பயத்தில் நிற்கவில்லை. எதற்காக நிற்கிறோம் என்று ஒவ்வொருத்திக்கும் தெரிந்திருந்தது. அந்த ஆட்டத்தை இப்போது பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

இதோடு பவன் கதைக்குத் திரும்பி முடிப்பதாகத்தான் இருந்தேன். ஆனால் சனிக்கிழமை மாலை விருத்தாசலத்துக்கும் வேப்பூருக்கும் நடுவில் ஓர் ஊரில் கபடிப் போட்டிக்குப் போனேன். அதற்குப் பிறகு பவனைப் பற்றி எழுதக் கை வரவில்லை.

இந்தப் பக்கத்து ஊர்ப் போட்டி எப்படி என்று உங்களுக்குத் தெரியும். கோயில் திடல், ஹாலஜன் விளக்கு, மைக் செட், சுழற்கோப்பை, 55 கிலோ பிரிவு, 65 கிலோ பிரிவு. சாயங்காலம் எடை பார்ப்பார்கள். ஆட்டம் நடுராத்திரிக்கு மேலேதான் சூடு பிடிக்கும், விடியும்வரை போகும். எடைக்கு அரிசி மண்டியிலிருந்து ஒரு எலக்ட்ரானிக் தராசு வந்திருந்தது. அதைச் சுற்றிக் கூட்டம்.

ஒரு பையன், பத்தாவது படிப்பான், இரண்டு சட்டைக்கு மேல் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு முந்திரித் தோப்பு ஓரமாக ஓடிக்கொண்டிருந்தான். செப்டம்பர் வெயில் இன்னும் இறங்கவில்லை. வாயில் பபிள்கம், மென்று மென்று ஊறுகிற எச்சிலை ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் துப்பிக்கொண்டே வந்தான். துப்புகிற ஒவ்வொரு வாயும் எடையில் குறையுமாம். உதடு வெளுத்து வெடித்திருந்தது. கோட்டைக் கழற்றித் தராசில் ஏறினான். 55.750. “இன்னும் முக்கால் கிலோ இருக்குண்ணா” என்றான், குரல் வெளியே வரவில்லை. “ரெண்டு ரவுண்டு போயிட்டு வாடா. தண்ணிப் பக்கம் மட்டும் போகாத” என்றார் அவன் கோச். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு மறுபடி ஓடினான்.

டீக்கடைக்காரர்கள் கேட்கிற ஒழுக்கம் இதுதான். அது அந்தப் பையனிடம் குறைவில்லாமல் இருந்தது.

உத்தியும் இருந்தது. கோச்சிடம் கேட்டேன். “65-ல விட்டா இவனை அடிச்சு ஒடச்சிடுவாங்க சார். 55-ல விட்டா இவன்தான் ராஜா. எல்லா டீமும் இதைத்தான் பண்றாங்க” என்றார். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. சாயங்காலம் 55 காட்டிவிட்டு, நள்ளிரவுக்குள் தண்ணீரும் பரோட்டாவும் இறக்கி 57-ஆகக் களத்தில் நிற்கலாம். எப்படியோ எடைக்குள் வந்துவிட்டான். வந்ததும் தண்ணீர்ப் பாக்கெட்டுகளைக் கடித்துக் கடித்துக் குடித்தான். கொஞ்ச நேரத்தில் மேடைக்குப் பின்னால் போய் அத்தனையும் வாந்தி. நள்ளிரவுக்கு மேல் ஆட்டம். முதல் பாதியில் மான் மாதிரி பாடினான். இரண்டாம் பாதியில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு, கோட்டுக்கு இந்தப் பக்கமே விழுந்துவிட்டான். இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அந்தக் கோச் கெட்டவர் இல்லை. பகலில் பீங்கான் பட்டறையில் வேலை. கொலு சீசன் என்பதால் பொம்மை வேலை தலைக்கு மேல். அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மையை யாராவது வெயிலில் வைத்துவிட்டால் கத்துவார்: நிழலில் மெதுவாகக் காயட்டும், அவசரப்பட்டால் விரிசல் விடும். பையன்களுக்குச் சொந்தக் காசில் பனியன் வாங்கிக் கொடுக்கிற மனுஷன். எடைத் தராசுக்கு முன்னால் மட்டும் அந்தக் கவனம் எங்கே போகிறது என்றுதான் எனக்கு ஆறவில்லை.

உடம்பைப் பற்றித் தெரிந்த விஷயம் இது. உடல் எடையில் இரண்டு சதவீதம் நீர் குறைந்தாலே ஆட்டம் மந்தமாகும். 55 கிலோ பையனுக்கு அது ஒரு கிலோ சொச்சம். ரத்தத்தின் அளவு குறையும், இதயம் வேகமாக அடிக்கும், வியர்வை வற்றி உடம்புச் சூடு தணிய வழியில்லாமல் ஏறும். வினேஷ் போகத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். 2024 ஆகஸ்டில் பாரீஸில் 50 கிலோ இறுதி ஆட்டத்தன்று 100 கிராம் கூடிப்போய்த் தகுதி இழந்தார். முந்தைய இரவு முழுக்க ஓடி, தண்ணீரை நிறுத்தி, முடியைக்கூட வெட்டிப் பார்த்தார்கள். அவரைச் சுற்றி மருத்துவர்கள் இருந்தார்கள். வேப்பூர் பக்கத்துப் பையனைச் சுற்றி அரிசி மண்டித் தராசு மட்டும்தான்.

அமெரிக்காவில் 1997 நவம்பர், டிசம்பரில் ஐந்து வாரத்துக்குள் மூன்று கல்லூரி மல்யுத்த மாணவர்கள் எடை குறைக்கப் போய் இறந்தார்கள். ரப்பர் உடை, சூடான அறை, தண்ணீர் இல்லாத உடற்பயிற்சி. அதற்குப் பிறகு ரப்பர் உடையையும் சூடான அறையையும் தடை செய்தார்கள், எடை பார்ப்பதை ஆட்ட நேரத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தார்கள். எடை பார்த்த கையோடு ஆடவேண்டும் என்றால் யாரும் வற்றிப்போய் வரமாட்டார்கள். அத்தனை வருஷத்துக்கு முந்தைய பாடம் இன்னும் நம் திடலுக்கு வந்து சேரவில்லை. 2018-இல் மேரிலாந்து பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியில் ஜோர்டன் மெக்நேர் என்ற 19 வயது மாணவர் பயிற்சி ஓட்டத்தில் சுருண்டு, வெப்பத் தாக்கில் இரண்டு வாரத்தில் இறந்தார். குளிர்ந்த நீரில் அமிழ்த்தியிருக்க வேண்டியதை நேரத்துக்குச் செய்யவில்லை. தலைமைப் பயிற்சியாளரை அக்டோபர் கடைசியில் பதவியில் தொடரலாம் என்று அறிவித்தார்கள். ஆட்டக்காரர்களும் ஊரும் கொதித்தெழ, மறுநாளே நீக்கினார்கள். கண்டிப்பான கோச், பிள்ளைகளை உறுதியாக்குகிறார் என்று அங்கேயும் சொல்லத்தான் செய்தார்கள்.

நம் மாவட்டத்துக்கும் ஒரு சாவு நினைவிருக்கவேண்டும். 2022 ஜூலையில் பண்ருட்டி பக்கம் மானடிக்குப்பத்தில், பாடிப் போன கல்லூரி மாணவர் ஒருவர் களத்திலேயே விழுந்து இறந்தார். வாங்கிய கோப்பையையும் உடன் வைத்துப் புதைத்தார்கள். அது எடையால் நடந்ததில்லை, பிடியில் சிக்கி விழுந்தபோது நேர்ந்தது. ஆனால் அன்றைக்குப் பக்கத்தில் ஆம்புலன்ஸ் வேண்டும், முதலுதவி தெரிந்தவர் வேண்டும் என்று எல்லோரும் பேசினோம். சனிக்கிழமை திடலில் நான் பார்த்தது ஒரு ஐஸ் பெட்டியும் ஒரு ஸ்பிரே டப்பாவும்.

பள்ளியில் விளையாட்டுப் பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குத் தாரை வார்ப்பதைப் பற்றி நான் எத்தனையோ தரம் எழுதியாயிற்று. அந்தப் பையன் தண்ணீர் குடிக்காமல் ஓடியதற்கும் அதற்கும் நேரான தொடர்பு உண்டு. ஒரு பி.டி. மாஸ்டர் தொடர்ந்து நாலு வருஷம் அவனைப் பார்த்திருந்தால், நீ வளர்கிற பையன், இந்த வருஷம் 65-க்குப் போய் அடிபட்டுக் கற்றுக்கொள், அடுத்த வருஷம் அவர்களைத் தூக்குவாய் என்று சொல்லியிருப்பார். ஒரு நாள் கோப்பைக்காக வரும் கோச்சுக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது.

போட்டி நடத்தியவர்களிடம் விடிவதற்குள் பேசினேன். பொங்கலுக்கு அடுத்த போட்டி வைக்கிறார்கள். எடைத் தராசைக் களத்தின் பக்கத்திலேயே போட்டு, ஒவ்வொரு அணியையும் ஆடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் நிறுக்கலாம் என்று கேட்டேன். விடிய விடிய தராசுக்கு ஓர் ஆள் வேண்டுமே என்று யோசித்தார்கள். நான் உட்காருகிறேன் என்றதும் சரி என்றார்கள். மழைக்கோட்டு போட்டு ஓடுகிற பையனுடைய அணியைச் சேர்க்கக்கூடாது என்பதற்கு மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. நுழைவுக் கட்டணம் போய்விடும் என்கிறார்கள். அதையும் பேசிக்கொண்டிருக்கிறோம்.