வாசலில் மாட்ட வேண்டிய பலகை

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் தெருவுக்குத் தெரு கிளினிக்குகள் பெருகியிருக்கின்றன. ஜுரத்தில் துவளும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடும் தகப்பன், இவற்றுள் எதில் நுழைவது என்று எவ்விதம் தீர்மானிக்கிறான்? டாக்டர் கைராசிக்காரர் என்று அண்டை வீட்டார் சொல்லியிருப்பார்கள். அல்லது வாசலில் கூட்டம் இருக்கும். உள்ளே கருவிகள் எவ்வாறு சுத்தி செய்யப்படுகின்றன, ஊசி போடுகிறவர் பயிற்சி பெற்றவர்தானா என்பவற்றை அவன் அறிய மார்க்கமே இல்லை. கைராசி கிருமியைக் கொல்லாது.

இது வீண் பீதியன்று. 2022, 2023-ம் வருஷங்களில் திருப்பத்தூர் வட்டாரத்தில் மெலியாய்டோசிஸ் என்னும் கொடிய வியாதி 21 பேரைப் பீடித்தது. அவர்களில் 10 பேர் வாணியம்பாடியிலுள்ள ஒரே பல் வைத்திய கிளினிக்கில் சிகிச்சை பெற்றவர்கள். அந்தப் பத்துப் பேரில் 8 பேர் மாண்டனர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி முதலிய ஸ்தாபனங்களின் நிபுணர்கள் ஆராய்ந்து 2025-ல் வெளியிட்ட முடிவு யாது? சுத்தி செய்யப்படாத கருவியால் ஸலைன் புட்டியைத் திறந்து, மிச்சத்தை மூடிவைத்து, அடுத்தவருக்கும் உபயோகித்திருக்கிறார்கள் என்பதே. பல் வலிக்குச் சென்றவர்களின் மூளையைக் கிருமி தாக்கியது. ஒரு புட்டி ஸலைனின் விலை என்ன, எட்டு உயிர்களின் விலை என்ன?

நம் வாசலுக்கே வருவோம். 2024 ஏப்ரலில், உடல் பருமனைக் குறைத்துக்கொள்ளப் பம்மலிலுள்ள தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ரணசிகிச்சைக்குப் படுத்த புதுச்சேரி வாலிபர் ஒருவர் உயிர் துறந்தார். சர்க்கார் விசாரணை நடத்தி, ஆபத்துக் காலத்துக்கு வேண்டிய வசதிகள் போதவில்லை என்று கண்டு, அந்த ஆஸ்பத்திரியின் பதிவை நிறுத்திவைத்தது. அக்குறை ஆபரேஷனுக்கு முந்தின தினம் இல்லையா? அன்றே அதைக் கண்டு சொல்ல வேண்டியவர் யார்?

சட்டம் இல்லை என்று எவரும் சாக்குச் சொல்ல இயலாது. தனியார் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 1997-ல் நிறைவேறியது. அதை அமுலுக்குக் கொண்டுவரும் விதிகளோ 2018-ல்தான் பிறந்தன. இருபத்தொரு வருஷம்! ஒரு குழந்தை பிறந்து, வளர்ந்து, வோட்டுரிமை பெற்று, மேலும் மூன்று வருஷம் காத்திருக்கலாம். இப்பொழுது ஒவ்வொரு கிளினிக்கும் பதிவு செய்துகொண்டு, அந்தச் சான்றிதழைக் கண்ணில் படும்படி மாட்டிவைக்க வேண்டும். நல்லது. ஆனால் அதன் ஆயுள் 5 வருஷம். சான்றிதழ் தந்த பின்னர் அதிகாரிகள் வந்தார்களா, வந்தவர்கள் என்ன கண்டார்கள் என்பதை அந்தக் காகிதம் சொல்லாது.

இங்கிலாந்திலே சாதாரணக் குடும்ப வைத்தியரின் அறையையும் தணிக்கை செய்து, 'நன்று', 'திருத்தம் தேவை', 'போதாது' என்று தரம் வகுக்கிறார்கள்; அதை வாசலில் மாட்டவேண்டும் என்பது 2015 முதல் அங்கே சட்டம். வெயிலிலும் கறுப்பு அங்கி தரிக்க வெள்ளையனிடம் கற்றுக்கொண்ட நாம், இந்த உபயோகமான வழக்கத்தை மட்டும் ஏன் கற்கவில்லை?

தணிக்கை என்றால் லஞ்சத்துக்குக் கதவு திறந்துவிடும் என்று சில டாக்டர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால் லஞ்சம் இருட்டில்தான் கைமாறும். முடிவு வாசலிலே தொங்குமானால், அது பொய்யா மெய்யா என்று உள்ளே செல்லும் நூறு பேர் பார்த்துவிடுவார்கள். சிறிய கட்டணத்தில் நேர்மையாக உழைக்கும் டாக்டர்களுக்கு இதனால் நஷ்டமில்லை, லாபமே.

டாக்டர் சௌரிமுத்து 1928-ல் க்ஷயரோகிகளுக்காக ஆரம்பித்த சானடோரியத்தின் பெயரையே ரயில் நிலையத்துக்கும் சூட்டிக்கொண்ட ஊர் இது. செங்கற்பட்டு ஜில்லாவின் மருத்துவ இணை இயக்குநர், தாம்பரம் கார்ப்பரேஷன் எல்லைக்குள் உள்ள கிளினிக்குகளிலிருந்தே இதை ஆரம்பிக்கலாம். கடைசித் தணிக்கையின் தேதி, கண்ட குறை, அதைத் தீர்க்க விதித்த கெடு ஆகிய மூன்றும் தமிழில் எழுதிய பலகை, டாக்டரின் பெயர்ப் பலகைக்குப் பக்கத்திலேயே தொங்க வேண்டும்.