ஒரு பலகாரமேனும் வீட்டில் உருவாகட்டும்

ஐப்பசித் திங்களில் தீபத் திருநாள் நெருங்கியதும் இல்லந்தோறும் வெல்லப்பாகின் மணமும் எண்ணெய்ச் சட்டியின் ஓசையும் எழுந்த காலம் ஒன்று இருந்தது. மலேசிய ரப்பர்த் தோட்டங்களின் லயங்களில், மாவு இடிக்க ஒருவர், முறுக்குப் பிழிய ஒருவர், பொரித்தெடுக்க ஒருவர் என அண்டை வீட்டாரும் கூடியே பலகாரம் செய்தனர். பிள்ளைகள் அருகில் அமர்ந்து, உடைந்த முறுக்குத் துண்டுக்காகக் காத்திருந்தனர். அந்தக் காத்திருப்பிலேயே அவர்கள் பலவற்றைக் கற்றுக்கொண்டனர்.

தோட்டங்களை விட்டு நகரங்களில் குடியேறிய குடும்பங்களில் இன்று தாயும் தந்தையும் வேலைக்குச் செல்கின்றனர். அடுக்குமாடி வீடுகளின் சமையலறைகளோ சிறியவை. ஆகவே, பலகாரங்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்து வாங்குவது வழக்கமாகிவிட்டது. இதனைக் குறை கூறுவதற்கில்லை. பலகாரம் செய்து விற்றுக் குடும்பத்தைக் காக்கும் தாய்மார்களுக்கு இப்பருவமே கைகொடுக்கிறது. ஆயினும், எல்லாமே போத்தலில் அடைபட்டு வந்து சேரும் இல்லத்தில் வளரும் பிள்ளைக்கு முறுக்கின் விலை தெரியும், பக்குவம் தெரியாது. பாட்டியின் கைப்பக்குவம் பெரும்பாலும் எந்த ஏட்டிலும் எழுதி வைக்கப்படவில்லை. ஒரு தலைமுறை கேட்காமல் விட்டுவிட்டால், அடுத்த தலைமுறை கேட்க விரும்பினாலும் சொல்வதற்கு ஆள் இருக்காது.

ஆதலின், தீபாவளிக்கு முந்திய வார இறுதியில் ஒரு நாளைப் பெற்றோர் பிள்ளைகளுடன் அடுப்படியில் செலவிடுதல் நலம். பத்து வகைப் பலகாரம் வேண்டியதில்லை, இரண்டு போதும். வறுத்து அரைத்த பயற்றம் மாவுடன் பொடித்த சீனியைக் கலந்து, உருக்கிய நெய்யைச் சூடாக ஊற்றிப் பெரியவர்கள் பிசைந்து தரட்டும். கை பொறுக்கும் சூடு வந்தவுடன் பிள்ளைகள் நெய்யுருண்டை பிடிக்கலாம். ஆறவிட்டால் மாவு உதிர்ந்துவிடும். உரியதை உரிய நேரத்தில் செய்ய வேண்டும் என்பதை அந்த மாவே கற்றுக்கொடுக்கும்.

கோதுமை மாவு, நெய், பொடித்த சீனி ஆகியவற்றைக் கொண்டு முட்டை சேர்க்காமல் செய்யும் நெய் பிஸ்கட்டும் சிறுவர்களுக்கு ஏற்றதே. ஐந்து வயதுக் குழந்தையும் அதனை உருட்டித் தட்டில் இடைவெளிவிட்டு அடுக்கலாம். ஓவனையும் எண்ணெய்ச் சட்டியையும் மட்டும் பெரியவர்களே கவனித்தல் வேண்டும். வளர்ந்த பிள்ளைகள் முறுக்கு அச்சைப் பிடித்துப் பிழியட்டும்.

இது பெண் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய வேலை என எண்ணலாகாது. திருக்கோயில் மடைப்பள்ளிகளில் நிவேதனம் சமைப்போர் பெரும்பாலும் ஆடவர்களே அல்லவா? தந்தையும் மகனும் மாவு சலிப்பதில் இழுக்கு ஏதுமில்லை.

வார இறுதிகளில் சமய வகுப்பு நடத்தும் ஆலயங்கள் பல உண்டு. அங்கே திருமுறை கற்கலாம். வழிபாட்டு முறையை அறியலாம். ஆனால், செய்ததை ருசி பாராமல் முதலில் இறைவனுக்கும் முன்னோருக்கும் படைக்க வேண்டும் என்னும் ஒழுக்கம் அடுப்படியில்தான் பழக்கத்திற்கு வருகிறது. நெய் மணக்கும் உருண்டை கையில் இருக்க, பூசை முடியும்வரை வாயில் இடாமல் பொறுத்திருக்கும் பிள்ளை, எந்த உரையாலும் புகட்ட இயலாத பாடத்தைக் கற்றுவிடுகிறது. முட்டை சேர்ந்த அச்சு முறுக்கையும் கேக்கையும் படையலுக்குரியவற்றோடு கலவாமல் தனியே செய்து வைப்பதையும் அன்றே பழக்கிவிடலாம்.

படையல் முடிந்தபின் ஒரு தட்டு அண்டை வீட்டாருக்குச் செல்லட்டும். அதனைப் பிள்ளைகளே ஏந்திச் செல்லட்டும். அச்சு முறுக்கைப் போன்ற பலகாரத்தை மலாய்க்காரர்கள் குவே லோயாங் என்னும் பெயரில் நோன்புப் பெருநாளுக்குச் செய்கின்றனர். சீனர்களின் புத்தாண்டிலும் அது இடம்பெறுகிறது. பண்டிகைகள் வேறாயினும் பலகாரத் தட்டில் உறவு உண்டு என்பதைப் பிள்ளைகள் அந்த வாசல்களில் அறிந்துகொள்வர்.

பிள்ளைகள் பிடித்த உருண்டை கோணலாகத்தான் இருக்கும். பிஸ்கட் ஓரம் கருகியும் போகலாம். விருந்தினர் கண்ணில் படாமல் அவற்றை ஒளித்து வைக்கலாகாது. அந்தக் கோணல் உருண்டையே சுவாமி மாடத்தில் முதலில் வைக்கப்படட்டும். கடையில் வாங்கிய பலகாரம் அழகாக இருக்கலாம். ஆனால், “இது நான் செய்தது” என்று பிள்ளை கைகூப்பிச் சொல்வதற்கு அதில் இடமில்லை.

பாட்டி அருகில் இருக்கும்போதே அந்த நாளைக் குறித்துக்கொள்வோர் பேறு பெற்றோர். இறைவன் திருவருளால் இல்லந்தோறும் தீப ஒளி பெருகுக!