பேசாமல் நடப்பவர்



போன மாதம் மூட்டுவலி. பதினைந்து நாள் நடைப்பயிற்சி கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து பழகிய உடம்பு படுக்கையில் கிடக்குமா? பொழுது போகாமல் யூடியூபைத் திறந்ததில் அகப்பட்டது, இஸ்தான்புல் நகரத்தில் ஒருவர் நடந்துபோகும் வீடியோ. ஒன்றரை மணி நேரம். ஆள் யாரென்று தெரியாது, அவர் வாய் திறப்பதில்லை, பின்னணி இசை கிடையாது. கண் உயரத்தில் பிடித்த கேமரா நடக்கிற வேகத்தில் போகிறது, அவ்வளவுதான். இதையெல்லாம் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே முழுவதையும் பார்த்து முடித்தேன். அப்புறம் பதினைந்து நாளும் இதே வேலைதான்.

எமினோனு படகுத்துறையில் ஆரம்பிக்கிறார்கள் பலரும். படகின் ஊதல், கடற்காகங்களின் கூச்சல். கலாத்தா பாலத்தில் ஏறினால் கைப்பிடிக் கம்பி நெடுகத் தூண்டில்கள். ஒரு பெரியவர் காலடியில் பழைய பெயின்ட் வாளி. அதில் விரல் நீள மீன்கள் நாலைந்து சுற்றிச் சுற்றி வருகின்றன. பாலத்தின் கீழ்த்தளம் முழுக்க மீன் ஹோட்டல்கள். அங்கே மேஜையில் உட்கார்ந்திருப்பவர்களின் கண்ணெதிரே தூண்டில் நரம்புகள் வரிசையாகத் தண்ணீருக்குள் இறங்குகின்றன. கடைவீதிப் பக்கம் போனால், கைப்பிடி வைத்த தொங்குதட்டில் இடை சிறுத்த கண்ணாடித் தம்ளர்களை அடுக்கிக்கொண்டு ஒரு பையன் கூட்டத்துக்குள் புகுந்து போகிறான். தட்டு ஊஞ்சலாடுகிறது, தேநீர் ஒரு சொட்டு சிந்தவில்லை. சுற்றுலா விளம்பரங்களில் அந்த வாளியும் வராது, இந்தப் பையனும் வரமாட்டான்.

சுல்தானஹ்மெத் பகுதிக்கு வந்தபோதுதான் எனக்கும் வீடியோக்காரருக்கும் மனத்தாங்கல். எதிரே ஹாகியா சோபியா. 537இல் கட்டி முடித்த கட்டடம். அதைப் பார்த்தபடி அவர் வேகமாகப் போய்விட்டார். டிராம் பாதையை ஒட்டி, பள்ளத்தில் உடைந்த கல்தூண் ஒன்று நிற்பதை அவர் கவனிக்கவே இல்லை. அது மிலியோன். இந்த ஊர் கான்ஸ்டான்டினோபிளாக இருந்த காலத்தில் பேரரசின் சாலைகளுக்கெல்லாம் தொலைவு அளந்தது அங்கிருந்துதான். தூண்களும் குவிமாடமுமாக நின்ற கட்டடம் போய், 1960களில் மண்ணுக்குள்ளிருந்து மீண்டது இந்த ஒரு துண்டு. திரையில் மூன்று விநாடிகூட இல்லை. நான் பின்னுக்குத் தள்ளித் தள்ளிப் பத்துமுறை பார்த்தேன். நேரில் போயிருந்தால் எந்த வழிகாட்டி இதற்குப் பொறுத்திருப்பார்?

கொஞ்ச தூரத்தில் பழைய தேர்ப்பந்தய மைதானம். எகிப்திய மன்னர் மூன்றாம் துட்மோஸின் கல்தூணை, தியோடோசியஸ் பேரரசர் 390இல் அங்கே நிறுத்தினார். அதன் அடிப்பீடம் இன்று கம்பிவேலிக்குள், ஒரு குழியில் இருக்கிறது. தூண் ஒன்றும் அமிழவில்லை. சுற்றியுள்ள ஊர்தான் நூற்றாண்டு நூற்றாண்டாக மேடாகிக்கொண்டே வந்திருக்கிறது. பக்கத்திலேயே தரைக்கடியில், 336 தூண்கள் தாங்கி நிற்கும் நீர்த்தேக்கம். அப்படி ஒன்று இருப்பதை வெளியுலகம் மறந்துபோயிருந்த 16ஆம் நூற்றாண்டில் பெட்ரஸ் கில்லியஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் அங்கே போனார். மேலே குடியிருந்தவர்கள் வீட்டுத் தரையில் இருந்த துளை வழியே வாளி விட்டுத் தண்ணீர் இறைத்தார்களாம், மீனும் பிடித்தார்களாம். இதைப் படித்த பிறகு அந்தத் தெருவில் கேமரா போகும்போதெல்லாம் என் கண் தரையிலேயே நிற்கிறது.

வீடியோவில் கிடைக்காதவையும் உண்டு. வண்டியில் சுடும் கஷ்கொட்டையின் வாசனை வராது. அதைவிட, ஏற்ற இறக்கம் தெரியாது. ஆட்டத்தை அடக்கும் கருவியில் கேமராவைப் பொருத்திவிடுவதால் கலாத்தா கோபுரத்துக்குப் போகும் செங்குத்துத் தெருகூடச் சமதளம் போலத்தான் தெரிகிறது. ஹெட்போன் போட்டுக் கேட்டபோதுதான் பிடிபட்டது: அந்த மனிதருக்கு மூச்சு வாங்குகிறது! இந்த ஏற்றத்தில் படும் பாட்டைக் குறைக்கத்தான் 1875லேயே மலைக்கடியில் ‘டியூனல்’ என்ற சுரங்க ரயில் விட்டார்கள். நீளம் 573 மீட்டர்தான். லண்டனுக்கு அடுத்த பழைய சுரங்க ரயில் அது. என்னைப் போன்ற மூட்டுவலிக்காரர் யாரோ அந்தத் திட்டத்துக்குப் பின்னால் இருந்திருக்க வேண்டும்.

இந்த மாதிரிப் படம் இணையம் வந்த பிறகு பிறந்ததல்ல. 1906 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவின் மார்க்கெட் தெருவில், கேபிள் காரின் முன்புறம் கேமராவை வைத்து மைல்ஸ் சகோதரர்கள் ஒரு படம் எடுத்தார்கள். கதை இல்லை, நடிகர் இல்லை. குதிரை வண்டிக்கும் மோட்டார் காருக்கும் நடுவே ஜனங்கள் குறுக்கே ஓடுகிறார்கள். ஏறக்குறைய 13 நிமிடம் இதுதான். அடுத்த சில நாளில், ஏப்ரல் 18ஆம் தேதி, நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த தீயும் அந்தத் தெருவின் பெரும்பகுதியை அழித்துவிட்டன. இன்று அந்தத் தெருவில் நடமாட வேண்டுமென்றால் அந்த 13 நிமிடம்தான் வழி. கலாத்தாவில் இப்போதிருப்பது 1994இல் திறந்த பாலம். 1992இல் தீப்பிடித்த பழைய பாலத்தின்மேல் யாராவது இப்படிப் பேசாமல் நடந்து படமெடுத்து வைத்திருந்தால், பார்க்க நான் இரவெல்லாம் விழித்திருப்பேன்.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த மாதம் ஏதாவது ஒரு காலையில், உங்கள் ஊர்க் கடைத்தெருவிலோ கோயில் வீதியிலோ கைப்பேசியைக் கண் உயரத்தில் பிடித்தபடி இருபது நிமிடம் மெல்ல நடந்துவாருங்கள். பாட்டுச் சேர்க்க வேண்டாம், விளக்கமும் வேண்டாம். தெரிந்தவர் யாராவது ‘டிபன் ஆச்சா?’ என்று கேட்டால் பதில் மட்டும் சொல்லிவிடுங்கள், அதுவும் பதிவாகட்டும். கிளம்புவதற்கு முன் தெருவின் பெயரையும் தேதியையும் ஒரு தாளில் எழுதிக் கேமராவுக்குக் காட்ட மறக்காதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்