துலக்கியோர் தொண்டு

காற்றில் நூற்றுக்கு ஒரு பங்கினும் சற்றுக் குறைவாயுள்ள வாயு ஆர்கான். 1894இல் கண்டறியப்பட்ட அது, பிறவற்றோடு எளிதிற் சேராமையின், 'சோம்பல்' எனப் பொருள்படும் கிரேக்கப் பெயர் பெற்றது. அச்சோம்பலே இன்று விஞ்ஞானத்திற்குத் துணையாயிற்று.

சென்டிகிரேடு அளவையில் சுழிக்குக் கீழ் 186 பாகையளவிற் குளிர்ந்து திரவமான ஆர்கானுள், நியூட்ரினோ என்னும் நுண்துகள் அரிதாக ஓர் அணுக்கருவைத் தாக்கும். அப்பொழுது பிறக்கும் மின்துகள்கள் செல்லும் வழியெல்லாம் எலெக்ட்ரான்களை விடுவிக்கும். மின்புலம் அவற்றைக் கம்பிகளிடம் கொண்டு சேர்க்க, சென்ற சுவடு ஓவியம்போற் புலனாகும். ஆயின், நூறு கோடியில் ஒரு பங்கு ஆக்சிஜன் கலப்பினும், எலெக்ட்ரான்களுட் பெரும்பாலன நெடுவழி கடவாது இடையே பற்றப்படும், சுவடும் மங்கும்.

கார்லோ ரூபியா இம்முறையை மொழிந்தது 1977இல். இத்தாலியில் கிரான் சாசோ மலையின்கீழ் இகாரஸ் என்னும் பெருங்கருவி இயங்கத் தொடங்கியதோ 2010இல். இடைப்பட்ட காலத்தில் ஆர்கானைத் தூய்மை செய்யும் வழி தேடி உழைத்தோர் பலர். அது துணைத்தொழிலே என்பாருமுளர். யாம் அவ்வாறு கருதோம். துலக்காத கலத்தில் பால் திரியுமன்றோ? கண்டாரைப் புகழும் உலகம், காண்டற்குரிய கலத்தைத் துலக்கினாரையும் உடன்வைத்துப் புகழ்தலே முறை என்போம்.