பெருநாளைக்கு முதல் சுவருக்கு மெஷின் அடிக்கப் போகிறவர்களுக்கு



வாடை மழை ஓய்ந்து இரண்டு கிழமையாக நல்ல வெயில். எங்கள் ஊரில் இப்போது எந்த ஒழுங்கைக்குள் போனாலும் ஒரே சத்தம்தான். நோன்பு வரப் போகிறது, வீடு கழுவுகிறோம். முன்பெல்லாம் தும்புத்தடியும் வாளியுமாக நடந்த வேலை, இப்போது பிரஷர் மெஷினோடு நடக்கிறது. வாடகைக்கு எடுத்து, பக்கத்து வீட்டுத் தம்பிமாரைக் கூப்பிட்டு, ஒரு பின்னேரத்துக்குள் சுவர், மதில், கூரை எல்லாவற்றையும் அடித்து முடித்து விடுகிறோம்.

இதைப் பற்றி எழுத எங்களுக்கு உரிமை இருக்கிறது. ஏனென்றால் போன வருடம் நாங்களும் அடித்தோம்.

எங்கள் வீட்டின் வடக்குப் பக்கச் சுவர் ஒவ்வொரு வாடைக்கும் பச்சையாகி, பிறகு கறுத்துப் போகும். மழை அந்தப் பக்கம்தான் சாய்ந்து அடிக்கிறது, வெயிலும் அந்தப் பக்கம் குறைவு. கல்முனைக் கரையோரம் வீடு வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மெஷின் கொண்டு வந்து மூக்கைச் சுவரோடு ஒட்டினாற்போல் வைத்து அடித்தோம். கறுப்பு கோடு கோடாக விலகி உள்ளே இருந்த பழைய நிறம் வெளியே வந்ததைப் பார்க்க அவ்வளவு ஆசையாக இருந்தது. உம்மா கதிரையைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் இருந்து பார்த்தார். மஃரிபுக்கு முதல் சுவர் புதுசு.

பத்தாம் நாள் அதே சுவரில் கொப்புளம். அப்பம் வேகும்போது மேலே வருமே, அந்த மாதிரி. விரலால் அழுத்தினால் உள்ளே ஈரம். பெருநாளுக்கு முதல் நாள் உள்ளங்கை அகலத்துக்குத் துண்டு துண்டாகப் பெயின்ட் உரிந்து விழுந்தது. பிறகு சுரண்டி, காய வைத்து, பிரைமர் அடித்து, இரண்டு கை பெயின்ட் அடித்து முடிக்கும்போது, மெஷின் வாடகையைப் போல இருபது மடங்கு செலவு. கறுப்பாகவே விட்டிருந்தால் அந்தச் சுவர் இன்னும் நாலைந்து வருடம் தாங்கியிருக்கும் என்று பெயின்டர் சொன்னார். அதை அவர் சிரித்துக்கொண்டு சொன்னதுதான் கூடுதலாக வலித்தது.

யாரைக் குற்றம் சொல்வது? மெஷினையும் இல்லை, தந்தவரையும் இல்லை. பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அமுக்கம் படிப்பிக்கிற வீடு எங்கள் வீடு. படிப்பிக்கிற பாடத்தை எங்கள் சுவரில் மறந்து விட்டோம், அவ்வளவுதான்.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். 10 மீற்றர் உயரமான தண்ணீர் நிரல் தருவது ஏறக்குறைய 1 பார் அமுக்கம். எங்கள் வீடுகளின் மேல் தாங்கி அந்த உயரம்கூட இல்லை, ஆகவே குழாயில் வருவது 1 பாருக்கும் குறைவு. வீட்டுப் பாவனைக்கு விற்கிற சின்ன மெஷினே 100 பாருக்கு மேல் தரும். அது 1000 மீற்றர் உயரத்தில் தாங்கி கட்டியதற்குச் சமம். வாகனச் சேர்விஸுக்குப் பாவிக்கிற பெரிய மெஷின்கள் சில 200 பாரையும் தாண்டும். 250 பார் என்றால் பிதுருதாலகால மலை உச்சியில் தாங்கியை வைத்து, அடிவாரத்துக் கடல் மட்டத்தில் எங்கள் சுவருக்கு முன்னால் பைப்பைத் திறந்த மாதிரி. அந்த மலை 2524 மீற்றர். சேற்றுக்குள் ஓடின லொறியின் சேஸிக்கு அது சரி. மயிரிழைத் தடிப்பில் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிற பெயின்டுக்கு?

நல்ல பெயின்ட் அந்த அடியை நேரே தாங்கினாலும், சுவரில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் இருக்கின்றன. எங்கள் பக்கத்து வீடுகள் நிறைய சுனாமிக்குப் பிறகு அவசரத்தில் எழும்பியவை, பூச்சுக்கு ஏறக்குறைய இருபது வயது. தண்ணீர் அந்த வெடிப்புக்குள்ளால் சீமெந்துப் பூச்சுக்குள் இறங்கி விடும். மறுநாள் வெயில் அடித்தால் உள்ளே போனது ஆவியாகி வெளியே வரப் பார்க்கும். வழியில் பெயின்ட் தோல் மறித்துக்கொண்டிருக்கும். அதுதான் கொப்புளம். அடித்த அன்றைக்கு ஒன்றும் தெரியாது, அதனால்தான் ஒருவரைப் பார்த்து ஒருவர் அடித்துக்கொண்டே இருக்கிறோம். கெட்டது தெரிய வரும்போது மெஷின் அடுத்த வீட்டுக்குப் போயிருக்கும்.

பெருநாள் அவசரம் இதை இன்னும் மோசமாக்குகிறது. வெள்ளிக்கிழமை கழுவி ஞாயிற்றுக்கிழமை பெயின்ட் அடிக்கிறோம். ஈரச் சுவரில் அடித்த பெயின்ட் அடுத்த வாடை வரைக்கும்கூட நிற்காது. காய்ந்ததா என்று பார்க்க ஒரு லேசான வழி இருக்கிறது. ஒரு கொப்பி அளவு பொலித்தீன் துண்டைச் சுவரில் வைத்து நான்கு ஓரத்தையும் டேப்பால் இறுக்கி ஒட்டி ஒரு இரவு விடுங்கள். காலையில் உட்பக்கம் வியர்த்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை, பெயின்ட் வாளியைத் திறக்க வேண்டாம்.

அப்படியென்றால் கழுவவே கூடாதா? அப்படிச் சொல்ல வரவில்லை. பாசி பிடித்த சுவர் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். கடற்காற்று கொண்டு வருகிற உப்பும் படிகிறது. வருடத்துக்கு ஒரு தடவை கழுவத்தான் வேண்டும். நாங்கள் சொல்வது, அழுக்கை எடுப்பது அமுக்கம் அல்ல என்பதைத்தான். அழுக்கை எடுப்பது சவர்க்காரமும் நேரமும். தண்ணீர் அதைக் கழுவிக்கொண்டு போனால் போதும்.

இந்த வருடம் நாங்கள் செய்தது இது. முதலில் உள்ளங்கையால் சுவரைத் தடவிப் பார்த்தோம். கையில் சோக்குத் தூள் மாதிரி நிறம் ஒட்டினால் அந்தப் பெயின்டின் காலம் முடிந்து விட்டது, மெஷின் பக்கத்திலேயே வரக் கூடாது. ஒரு டேப் துண்டை ஒட்டி வெடுக்கென்று இழுத்தும் பார்த்தோம், பெயின்ட் கூட வரவில்லை. வெடிப்புகளைப் பில்லர் போட்டு அடைத்து நாலு நாள் விட்டோம். பிறகு வாளித் தண்ணீரில் கொஞ்சம் சட்டி கழுவும் திரவம், நீளத் தடியில் மெதுவான தும்பு. கீழே இருந்து மேலாகத் தேய்க்க வேண்டும். மேலே இருந்து தொடங்கினால் வழிகிற சவர்க்காரம் காய்ந்த அழுக்கில் கோடு போட்டு விடும், அந்தக் கோடு பிறகு போகாது. அலசுவது மட்டும் மேலே இருந்து கீழாக. பாசி இருந்த இடத்துக்கு மட்டும் துணி வெளுக்கிற பிளீச் ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர். ஒரு மூலையில் பூசிப் பார்த்து நிறம் மங்கவில்லை என்று கண்ட பிறகுதான் மற்ற இடத்துக்கு. பத்துப் பதினைந்து நிமிடம் காய விடாமல் வைத்து அலசினோம். பூமரங்களுக்கு முன்னும் பின்னும் தண்ணீர் ஊற்றினோம், கைக்குக் கையுறை.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். பிளீச்சோடு டொய்லெட் கழுவும் அசிட்டையோ வேறு எந்தக் கழுவும் மருந்தையோ கலக்க வேண்டாம். "இரண்டையும் சேர்த்தால் நல்லாப் போகும்" என்று சொல்கிறவர்கள் எல்லா ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். அசிட் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு, அது நெஞ்சைப் பிடிக்கும்.

கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பான வீடுகளில் கடைசி அலசலை மட்டுமாவது பைப் தண்ணீரில் செய்யுங்கள். உப்பைக் கழுவ உப்புத் தண்ணீரை ஊற்றி என்ன பலன்?

இவ்வளவுக்குப் பிறகும் மெஷின்தான் வேண்டும் என்றால், சிவப்பு மூக்கைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டு விடுங்கள். அது ஊசி மாதிரி ஒரே கோட்டில் அடிப்பது. பெரும்பாலான மெஷின்களோடு வருகிற வெள்ளை மூக்கு 40 பாகை விரிந்து அடிக்கும், சுவருக்கு அதுதான். அமுக்கத்தைக் குறைக்கிற திருகு இருந்தால் குறைத்து, நாலடி தள்ளி நின்று தொடங்குங்கள். இரண்டடிக்குக் கிட்டப் போக வேண்டாம், ஒரே இடத்தில் நிற்பாட்டவும் வேண்டாம். தண்ணீர் கீழ் நோக்கிச் சாய்ந்து விழ வேண்டும். கீழே நின்று மேலே அடித்தால் ஓட்டுக்கும் சுவருக்கும் இடையால் வீட்டுக்குள் போகும். யன்னல் ஓரம், மீற்றர் பெட்டி, வெளி லைட், வெளிப் பிளக் எதற்கும் காட்ட வேண்டாம். மெஷின் செருகுகிற பிளக் ட்ரிப் சுவிட்ச் உள்ள லைனில் இருக்கிறதா என்று முதலே பாருங்கள். ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது என்று அதைத் தவிர்த்து நேரே வயர் கொடுத்திருக்கிற வீடுகளில், தயவு செய்து இந்த வேலையே வேண்டாம்.

நியாயத்துக்கு ஒன்றையும் சொல்லி விடுகிறோம். மெஷின் தண்ணீரை வீணாக்குகிறது என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியில்லை. சின்ன மெஷின் நிமிடத்துக்கு ஆறேழு லீற்றர்தான் எடுக்கும், திறந்து விட்ட ஹோஸ் அதை விடக் கூட ஊற்றும். எங்கள் ஆட்சேபம் வேறு.

இரண்டு விஷயம் எங்களுக்கு உண்மையாகப் பயமாக இருக்கிறது. ஒன்று கூரை. சுவரோடு சேர்த்து அஸ்பெஸ்டஸ் சீட்டுக்கும் மெஷின் அடிக்கிறோம். பழைய சீட்டின் மேல்தோலை அந்த அடி பெயர்த்து விடும். உள்ளே இருக்கிற நார் தண்ணீரோடு வந்து முற்றத்து மணலில் கிடக்கும், காய்ந்தால் காற்றில் பறக்கும். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. சீட்டில் பாசி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். பழைய பெயின்டும் அப்படித்தான். பெயின்டில் ஈயம் எவ்வளவு இருக்கலாம் என்ற சட்ட எல்லை எங்கள் நாட்டில் 2013 ஜனவரியிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முதல் கேற்றுக்கும் கதவுக்கும் யன்னலுக்கும் அடித்த எனாமலில் ஈயம் இருந்திருக்கலாம். மெஷின் அடித்துச் சிதறுகிற அந்தச் செதில்கள் விழுவது பிள்ளைகள் சிரட்டை வைத்து விளையாடுகிற மணலில். திறந்த கிணறு என்றால் அதற்குள்ளும்.

மற்றது அந்தத் தம்பிமார். நோன்பு வைத்துக்கொண்டு, அஸருக்குப் பிறகு, ஈர ஏணியில் ஏறி, ஒரு கையில் பின்னுக்குத் தள்ளுகிற துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். விசையை அழுத்துகிற நேரம் அது ஆளை ஏணியிலிருந்து தள்ளப் பார்க்கும். கையில் பட்டால் தோலைக் கிழித்து உள்ளே தண்ணீரை ஏற்றும், வெளியே சின்னக் காயமாகத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம். இருநூறு, முந்நூறு ரூபாயும் இஃப்தாருக்குக் கஞ்சியும் கொடுத்து நாங்கள் வாங்குகிற வேலை அது. எங்கள் பிள்ளையை அந்த ஏணியில் ஏற்றுவோமா? ஏற்ற மாட்டோம். அதனால்தானே பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுகிறோம்.

இவ்வளவும் யாருக்காக? பெருநாள் அன்று வருகிற சொந்தக்காரர் வட்டிலப்பத்தைத்தான் பார்ப்பார், வடக்குச் சுவரை இல்லை. மதில் கறுத்திருந்தால் "இந்த வருஷம் கையில காசு இல்லப் போல" என்று கதைப்பார்கள் என்ற பயம்தான் எங்களை மெஷின் வரைக்கும் கொண்டு போகிறது. போன வருடம் எங்களைக் கொண்டு போனதும் அதுதான், மறைக்க ஒன்றும் இல்லை. இந்த வருடம் தும்பு போட்டுத் தேய்த்ததில் வடக்குச் சுவரில் அங்கங்கே லேசான நிழல் மாதிரி கறுப்பு மிச்சம் இருக்கிறது. மெஷின் அடித்த வீடுகளுக்குப் பக்கத்தில் அது தெரியத்தான் செய்கிறது. உம்மாவுக்கு இன்னும் திருப்தி இல்லை. "அந்த மூலையக் கொஞ்சம் பாருங்களேன்" என்று நேற்றும் சொன்னார்.

எங்கள் வீட்டில் நீளத் தடி போட்ட தும்பு இரண்டு இருக்கின்றன. வீட்டு வேலை முடிந்து விட்டது, தேவைப்படுகிறவர்கள் பின்னேரத்தில் வந்து எடுத்துக்கொண்டு போகலாம். வாடகை இல்லை. கழுவிக் காய வைத்துத் திருப்பித் தந்தால் அடுத்த வீட்டுக்கும் கொடுக்கலாம்.

வஸ்ஸலாம்.